முப்பது பச்சை, ஒரு சிவப்பு

ஆறாம் வகுப்புச் சுவரில் மாட்டியிருந்த பெரிய டி.வி.யில் முப்பத்தொரு கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளையின் பெயர். கையிலிருக்கும் டேப்பில் கணக்கைச் சரியாகப் போட்டால் கட்டம் பச்சையாகும். தடுமாறினால் மஞ்சள். தேறாது என்றால் சிவப்பு.

வழக்கமாக என் வகுப்பு வாழைத்தோப்பு மாதிரி பச்சைப் பசேலென்று இருக்கும். அன்று காலை பதினோரு மணிக்கு, டேப் திட்டத்தைப் பார்வையிடச் சென்னையிலிருந்து வந்திருந்த திட்ட மேடமும் எங்கள் தலைமையாசிரியரும் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, கட்டங்கள் ஒவ்வொன்றாக மஞ்சளாகி, அப்படியே சிவக்கத் தொடங்கின.

தப்பான விடைக்கு அந்த டேப் 'டொய்ங்' என்று ஒரு சத்தம் போடும். ஒரு டேப்பில் கேட்டால் பரவாயில்லை. முப்பதிலும் கேட்டால் பாத்திரக் கடையில் ஆடு புகுந்த மாதிரி இருக்கிறது.

தலைமையாசிரியர் என் காதருகே குனிந்தார். "எஸ்தர் டீச்சர், கரண்ட் எதுனா கம்மியா வருதா?"

"சர்வர் பிராப்ளம் சார்" என்றேன். சர்வர் எங்கே இருக்கிறது, அது என்ன செய்யும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. ஆனால் அந்தச் சொல் பலமுறை என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறது.

மூன்றாவது பெஞ்சிலிருந்து சந்தோஷ் எழுந்தான். "மிஸ், இன்னிக்கி வேணாம் மிஸ். ஹாஜிரா வரல."

"ஹாஜிரா வராததுக்கும் நீ கணக்கு போடறதுக்கும் இன்னாடா சம்பந்தம்?"

வகுப்பு முழுவதும் என்னைப் பார்த்தது. அதில் பயம் இல்லை, கிண்டலும் இல்லை. பெரியவர்களுக்கு விளங்காத ஒன்றை எப்படிச் சொல்வது என்ற பரிதாபம்தான் இருந்தது.

ஹாஜிரா யார் என்று சொல்லிவிடுகிறேன். முப்பது பச்சைக்கு நடுவே என் வகுப்பில் எப்போதும் சிவப்பாக இருந்த ஒரே பிள்ளை. அன்று அவள் தன் அம்மாவுடன் வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அவளுக்குப் புத்தி எவ்வளவு இருக்கிறது என்று சோதித்துப் பார்க்க அனுப்பி வைத்த புண்ணியவதி நான்தான்.

துண்டு காயப்போட்ட கதை

போன வாரம் இந்தப் பகுதியில் என் பி.எட். நாட்களைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, என் வீட்டுக்காரர் செல்வராஜ், "எல்லாம் எழுதின, துண்டு மேட்டர மட்டும் உட்டுட்டியே" என்றார். சரி, அதையும் சொல்லித் தொலைக்கிறேன். இந்தக் கதைக்கு அது வேண்டும்.

பி.எட். படிக்கும்போது எங்களுக்கு ஓர் எலியைப் பற்றிப் பாடம் நடத்தினார்கள். கூண்டுக்குள் எலி. ஒரு கட்டையை அமுக்கினால் தீனி விழும். எலி முதலில் தற்செயலாக அமுக்கும், பிறகு வேண்டுமென்றே அமுக்கும், பிறகு வேறு வேலையே இல்லாமல் அமுக்கும். பிள்ளைகளும் அப்படித்தானாம். பாடத்தைச் சின்னச் சின்னப் படியாக நறுக்கு. சரியாகச் செய்தால் உடனே பரிசு கொடு. தப்புச் செய்தால் திட்டாதே, மறுபடி செய்யச் சொல். ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் போகட்டும்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. பிரம்பு வேண்டாம், கத்த வேண்டாம், தொண்டை மிச்சம். பாடம் நடத்திய பேராசிரியர் பிரம்போடுதான் அதை நடத்தினார் என்பது வேறு விஷயம்.

கல்யாணமான புதிதில் அந்தத் தத்துவத்தை வீட்டில் பரீட்சித்தேன். செல்வராஜ் வாணியம்பாடியில் ஒரு தோல் கம்பெனி ஆபீசில் வேலை பார்ப்பவர். குளித்த ஈரத் துண்டை மெத்தை மேல் போடுவது அவருடைய பிறவிக்குணம். துண்டைக் கொடியில் போடும் நாளெல்லாம் ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு சூடான பஜ்ஜி வைப்பது என்று முடிவு செய்தேன். நான்காவது நாளே துண்டு கொடிக்கு ஏறிவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொடியைப் பார்த்தேன். மூன்று துண்டுகள் சொட்டச் சொட்டத் தொங்கின. மனிதர் குளிக்கவே இல்லை. பக்கெட்டில் முக்கி முக்கிப் போட்டுவிட்டு வந்து, "மூணுக்கு ஆறு பஜ்ஜி" என்று தட்டோடு உட்கார்ந்திருந்தார்.

பரிசு எதற்குக் கிடைக்கிறதோ அதைத்தான் மனுஷன் செய்வான், நீ மனசில் நினைத்ததைச் செய்ய மாட்டான் என்ற பாடம் அன்றே என் அடுப்பங்கரையில் நடந்தது. நான்தான் அதைப் படிக்கவில்லை. செலவான எண்ணெயைப் பற்றி மட்டும் சண்டை போட்டேன்.

கிளி வந்தது

இருபத்தைந்து வருடம் கழித்து எங்கள் பள்ளிக்கூடத்துக்கு முப்பத்தொரு டேப்புகள் வந்தன. ஆம்பூரில் ஒரு சாதாரண உதவிபெறும் பள்ளி அது. பிள்ளைகளில் பாதிப் பேரின் அம்மாக்கள் ஷூ கம்பெனி வேனில் விடிந்ததும் போய், பொழுது சாய்ந்து வருகிறவர்கள்.

டேப்பைத் திறந்தால் ஒரு பச்சைக் கிளி வந்து பிள்ளையின் பெயரைச் சொல்லி வணக்கம் வைக்கும். ஒரு தடவைக்குப் பத்துக் கணக்கு கொடுக்கும். பத்தையும் போட்டுவிட்டு 'அனுப்பு' என்ற பொத்தானை அமுக்க வேண்டும். சரியென்றால் கிளி சிறகடித்து "சபாஷ்!" என்று கூவி நட்சத்திரம் கொடுக்கும். தப்பு அதிகமானால் 'டொய்ங்'. கொடுத்த நட்சத்திரத்தையும் பிடுங்கிக்கொள்ளும்.

விசேஷம் என்னவென்றால், ஒருவருக்கு வந்த கணக்கு இன்னொருவருக்கு வராது. பிள்ளையின் தரத்தைப் பார்த்து அதற்கேற்ற கணக்கைக் கிளியே பொறுக்கிக் கொடுக்கும். "காப்பி அடிக்கவே முடியாது சார்!" என்று தலைமையாசிரியரிடம் நானே கண்டுபிடித்த மாதிரி பீற்றிக்கொண்டேன்.

திட்ட மேடம் பயிற்சியில் எங்களுக்கு ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார். டேப் நேரத்தில் டீச்சர் குறுக்கே போகக் கூடாது. ஓரமாக உட்கார்ந்து திரையைக் கவனித்தால் போதும். எனக்கு அந்த வரி மிகவும் பிடித்திருந்தது. மூட்டு வலி வேறு.

பரிசுகள் இரண்டு. மாவட்டத்திலேயே அதிக நட்சத்திரம் சேர்க்கும் வகுப்புக்கு ஏலகிரிக்குச் சுற்றுலா. அது பிள்ளைகளுக்கு. எல்லாப் பிள்ளைகளும் பச்சையாக இருக்கும் வகுப்பின் டீச்சருக்கு வேலூரில் விழா வைத்து ஒரு ஷீல்டு. அது எனக்கு.

டிங்

டீச்சர்களின் போனிலும் அந்தக் கிளி உண்டு. மாவட்ட வரிசையில் வகுப்பு ஏறினால் 'டிங்' என்று சத்தம் வரும். நானும் ஒன்பதாம் இடத்திலிருந்து ஐந்துக்கு வந்தேன், ஐந்திலிருந்து இரண்டுக்கு வந்தேன். சாம்பார் கொதிக்கும்போது டிங். சர்ச்சில் ஜெபத்துக்கு நடுவில் டிங். போதகர் கண்ணைத் திறந்து பார்த்தார்.

ஒருமுறை வீட்டுக்கு வந்த விருந்தாளி, "டீச்சர் எங்க?" என்று கேட்டதற்குச் செல்வராஜ், "இருங்க, டிங் அடிச்சா ஓடியாருவாங்க" என்று பதில் சொன்னார். நான் அதைக்கூடப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

டேப் நேரத்தில் பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. டேப்புகள் பெஞ்சுக்குப் பெஞ்சு கைமாறிக்கொண்டே இருக்கும். நான் அதைப் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. நன்றாகவே பார்த்தேன். 'ஒருவருக்கொருவர் கலந்து பழகிக் கற்கிறார்கள்' என்று நினைத்து, போட்டோ எடுத்து, வாட்ஸாப் குழுவில் போட்டு, இருபது டீச்சர்களிடம் கைகூப்பும் பொம்மை வாங்கினேன். அந்தப் போட்டோ இன்னும் என்னிடம் இருக்கிறது. கண்ணுள்ள யாரும் பார்த்தவுடன் புரிந்துகொள்வார்கள்.

காலாண்டுப் பரீட்சை வந்தது. இது பழைய மாதிரி, காகிதத்தில். சந்தோஷ் பின்னக் கணக்கை மட்டும் பிரமாதமாகப் போட்டிருந்தான், மற்றதில் கோழி கிளறி வைத்திருந்தது. திவ்யாவுக்குப் பெருக்கல் மட்டும். இன்னொருவனுக்கு வகுத்தல் மட்டும். டேப்பில் பச்சையோ பச்சை என்றிருக்கும் பிள்ளைகள் காகிதத்தில் ஏன் கவிழ்கின்றன என்று ஒரு ராத்திரி யோசித்தேன். காகிதப் பரீட்சை காலாவதியாகிவிட்டது என்ற முடிவுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கினேன்.

ஹாஜிரா மட்டும் அறுபதுக்கு ஐம்பத்தேழு. டேப்பில் சிவப்பு, காகிதத்தில் ஐம்பத்தேழா? பக்கத்தில் உட்கார்ந்திருந்த திவ்யாவைப் பார்த்து எழுதியிருக்கிறாள் என்று தீர்ப்பு சொல்லி, வகுப்புக்கு நடுவில் நிறுத்தி வைத்துத் திட்டினேன். திவ்யா வாங்கியது பத்தொன்பது. பத்தொன்பதைப் பார்த்து எழுதி ஐம்பத்தேழு எப்படி வாங்குவது என்ற கேள்வி கணக்கு டீச்சருக்கு உதிக்கவில்லை.

ஹாஜிரா வாதாடவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அழுதாளா என்று நான் பார்க்கவில்லை, அந்த நேரத்தில் போன் டிங் என்றது.

வெள்ளைத் தாளில் நாலு வரி

தீபாவளிக்கு முன்னால் வகுப்பு முப்பது பச்சை ஒரு சிவப்பு என்ற கணக்கில் நின்றுவிட்டது. ஷீல்டுக்கு இன்னும் ஒரே ஒரு கட்டம். விழாவுக்குக் கட்டிக்கொள்ள வாடாமல்லி நிறத்தில் ஒரு புடவையைக்கூட வேலூர் லாங் பஜாரில் எடுத்துவிட்டேன். (அதை இன்றுவரை கட்டவில்லை. பீரோவைத் திறக்கும்போதெல்லாம் அது என்னைப் பார்க்கிறது.)

ஹாஜிராவைக் கூப்பிட்டேன். "ஏன் உன் டேப்ல கணக்க முடிக்க மாட்டேன்ற?"

"டைம் இல்ல மிஸ்."

"நாப்பது நிமிஷம் பத்தலையா உனக்கு?"

"பத்தல மிஸ்."

கிளியோ அவளுக்கு இரண்டாம் வகுப்புக் கழித்தலைக் கொடுத்துக்கொண்டிருந்தது. அதிலும் ஒரு நாளைக்கு இரண்டோ மூன்றோதான் போட்டிருந்தாள். 'கற்றல் வேகம் மிகக் குறைவு' என்று கீழே எழுத்து ஓடியது.

திட்டத்தில் ஒரு விதி உண்டு. கற்றல் குறைபாடு இருப்பதாக மருத்துவச் சான்று உள்ள பிள்ளையின் கட்டத்தை வகுப்புக் கணக்கிலிருந்து நீக்கிவிடலாம். நீக்கிவிட்டால்? முப்பதுக்கு முப்பது பச்சை.

இதை எழுதும்போது கை கூசுகிறது. அன்று கூசவில்லை. அந்தப் பிள்ளையின் நன்மைக்காகத்தான் செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லி, அதை நம்பவும் நம்பினேன்.

அவள் அம்மா மும்தாஜை வரச் சொன்னேன். ஷூ கம்பெனியில் செக்கிங் டேபிளில் பதினாறு வருடமாக வேலை பார்ப்பவர். தைத்து வரும் ஒவ்வொரு பீஸையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, தையல் ஓடியிருந்தால், தோலில் கீறல் இருந்தால், தைத்தவரிடமே திருப்பி அனுப்புவதுதான் அவர் வேலை. வேனிலிருந்து இறங்கி நேராக வந்திருந்தார். சோற்று டப்பா கையில் இருந்தது.

"வீட்ல நல்லாதான் டீச்சர் இருக்கா. அவ தம்பிக்குகூட அவதான் கணக்கு சொல்லிக் குடுக்கிறா."

நான் டி.வி.யைப் போட்டுக் காட்டினேன். "நீங்களே பாருங்கம்மா. எல்லாரும் பச்சை."

மும்தாஜ் திரையை வெகுநேரம் பார்த்தார். "முப்பதும் ஒரு தப்பு இல்லாம வந்திருக்கா டீச்சர்? எங்க லைன்ல அப்டி வந்தா சூப்பர்வைசரே நம்ப மாட்டாரு. இன்னொரு வாட்டி பாருன்னுவாரு."

"இது கம்ப்யூட்டர்மா. தோல் இல்ல" என்று சிரித்தேன். எவ்வளவு மேதாவித்தனமான சிரிப்பு அது!

ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதினேன், ஆங்கிலத்தில். நாலு வரி, எண் போட்டு. எழுதி முடித்துவிட்டு இலக்கணத்தை இரண்டு தடவை சரிபார்த்தேன். மும்தாஜ் அதை ஒரு பிளாஸ்டிக் கவரில் வைத்து எடுத்துக்கொண்டு போனார்.

டாக்டரைப் பார்க்கக் கிடைத்த தேதி, திட்ட மேடம் எங்கள் பள்ளிக்கு வரும் தேதியாகவே அமைந்தது. சிவப்புப் பிள்ளை அன்றைக்கு இல்லாதது நல்லதாகப் போயிற்று என்று வேறு நினைத்தேன்.

லைன்

மறுபடி அந்தப் பதினோரு மணிக்கு வருகிறேன். டி.வி. முழுக்கச் சிவந்து கிடக்கிறது. சந்தோஷ் நின்றுகொண்டிருக்கிறான்.

"சம்பந்தம் இருக்கு மிஸ்" என்றான். "செக்கிங் ஆள் இல்ல."

"இன்னா செக்கிங்?"

திட்ட மேடம் முன்னால் வந்தார். "நீங்க தினம் எப்படிச் செய்வீங்களோ, அப்படியே செஞ்சு காட்டுங்கப்பா."

பிள்ளைகள் என்னைப் பார்த்தன. நான் தலையசைத்தேன். அடேயப்பா, என்ன ஓர் ஒழுங்கு! முதல் பெஞ்சு டேப்பை வாங்கி அதிலுள்ள பெருக்கலை மட்டும் போட்டது. இரண்டாவது பெஞ்சு வகுத்தல். மூன்றாவது பெஞ்சு பின்னம், சந்தோஷின் தலைமையில். நான்காவது பெஞ்சில் தமிழ் நன்றாகப் படிக்கிறவர்கள், வாக்கியமாக வரும் எழுத்துக் கணக்கை அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். பத்துக் கணக்கும் நிரம்பிய டேப் கடைசி பெஞ்சு ஓரத்துக்குப் போய், அங்கே காலி இடத்துக்கு முன்னால் நின்றது.

"இங்க ஹாஜிரா" என்றான் சந்தோஷ். "பத்தையும் பாப்பா மிஸ். தப்பு இருந்தா அந்த பெஞ்சுக்கே திருப்பி அனுப்புவா. எல்லாம் சரின்னாதான் 'அனுப்பு' அமுக்குவா. அவ இல்லாம இன்னிக்கி நாங்களே அமுக்கிட்டோம். புட்டுக்கிச்சு."

"இத யாருடா உங்களுக்கு சொல்லிக் குடுத்தது?"

"யாரு மிஸ் சொல்லித் தரணும்? எங்கம்மா ஷூ கம்பெனி லைன்ல அப்டித்தானே. ஒரே ஆளு முழு ஷூவும் தெச்சுனு இருந்தா எப்ப மிஸ் முடியறது?"

திட்ட மேடம் குறிப்பேட்டை மூடிவிட்டார். "இதை நாங்க யோசிக்கவே இல்லையே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

எனக்கு மண்டையில் அப்போதுதான் உறைக்க ஆரம்பித்தது. "அப்ப ஹாஜிராவோட டேப்?"

"அத அவளேதான் போடணும் மிஸ். எங்களோடது முப்பதையும் பாக்கவே அவளுக்கு மணி அடிச்சிடும். நட்சத்திரம் எல்லாத்துக்கும் சேத்துதானே மிஸ் எண்ணுவாங்க, ஒண்ணு போனா பரவால்லன்னு அவளேதான் சொன்னா."

ஏலகிரிக்குப் போக வேண்டுமென்று ஒரு பதினொரு வயதுப் பிள்ளை தன் கட்டத்தைச் சிவப்பாக விட்டுவிட்டு முப்பது பேரைப் பச்சையாக வைத்திருந்தாள். டைம் இல்ல மிஸ் என்று என்னிடம் உண்மையைத்தான் சொன்னாள். நான் கிளியை நம்பினேன்.

திவ்யா மெதுவாகக் கேட்டாள். "ஹாஜிராவுக்கு ஒடம்பு சரியில்லையா மிஸ்? ஏன் ஆஸ்பத்திரி போய்க்கிறா?"

முப்பது பிள்ளைகளும் பதிலுக்குக் காத்திருந்தன. அந்தக் கடிதம் இந்நேரம் டாக்டரின் மேசைக்குப் போயிருக்கும். அது ஒரு பைலுக்குள் போய் உட்கார்ந்துவிட்டால், எந்தப் பள்ளிக்கு அவள் போனாலும் பின்னாலேயே போகும்.

மும்தாஜுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன், எடுக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு, "சார், நான் வேலூர் வரைக்கும் போய்ட்டு வர்றேன்" என்றேன்.

தலைமையாசிரியர் என் முகத்தைப் பார்த்தார். என்ன புரிந்ததோ, "போய்ட்டு வாங்க டீச்சர். அரை நாள் லீவு மட்டும் எழுதி வெச்சுட்டுப் போங்க" என்றார். நானும் பாருங்கள், அந்தப் பதற்றத்திலும் உட்கார்ந்து அழகாக லீவு லெட்டர் எழுதினேன். கடிதம் எழுதுவதில் எனக்கு ஈடில்லை.

பெஞ்சு

ஆம்பூரிலிருந்து வேலூர் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே போனேன். நின்றால் சீக்கிரம் போய்ச் சேரலாம் என்று கால்கள் நினைத்துக்கொண்டன போல. பள்ளிகொண்டா தாண்டும்போது போன் 'டிங்' என்றது. எங்கள் வகுப்பு இரண்டாம் இடத்திலிருந்து நாற்பத்தாறாம் இடத்துக்கு இறங்கிவிட்டதாம். ஏறினாலும் டிங், இறங்கினாலும் அதே டிங். எனக்கு அது அன்றுதான் தெரிந்தது. போனை அணைத்துப் பைக்குள் போட்டேன்.

இதற்கு மேல் நடந்ததை யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை. செல்வராஜுக்கே இதைப் படித்துத்தான் தெரியப்போகிறது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். மும்தாஜ் கறுப்பு புர்காவில். ஹாஜிரா பள்ளிச் சீருடையில், இரட்டைப் பின்னலில், மடியில் ஜாமெட்ரி பாக்ஸ். டெஸ்ட் என்று சொல்லியிருக்கிறார்கள். டெஸ்ட்டுக்குப் போவது போல் வந்திருக்கிறாள்.

என்னைக் கண்டதும் மும்தாஜ் பதறி எழுந்தார். "டீச்சர்? நீங்க எங்க இங்க? இன்னா ஆச்சு?"

நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். பிள்ளைகளின் லைன், செக்கிங், சிவப்புக் கட்டம், எல்லாம். ஷீல்டு விஷயத்தை விட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு அதையும் சொன்னேன்.

மும்தாஜ் மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தார். "ஒரு ஷீல்டுக்காகவா டீச்சர்?"

"ஆமாம்மா."

"ரெண்டு வாரமா எனக்கு தூக்கமே இல்ல. எம் பொண்ணுக்கு புத்தி கம்மின்னு அவ அத்தாகிட்டகூட சொல்லாம, தொழுகைல உக்காந்து அழுதுனு இருந்தேன். பதினாறு வருசத்துல மொத வாட்டி ரெண்டு பீஸ் தப்பா உட்டேன். சூப்பர்வைசர் லைன் முன்னாடி நிக்க வெச்சு திட்டுனாரு."

"மன்னிச்சுடுங்கம்மா."

பரவாயில்லை டீச்சர் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். பெற்றோர் எங்களிடம் எப்போதும் அதைத்தான் சொல்வார்கள். மும்தாஜ் சொல்லவில்லை. நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

உள்ளேயிருந்து சோதனை செய்த டாக்டர் மேடம் வந்தார், இளம் பெண். "பொண்ணு ரொம்ப நல்லா செஞ்சிருக்கா. ஒரு குறையும் இல்ல. ஆனா டீச்சர் லெட்டர் வேற மாதிரி இருக்கே. ரிப்போர்ட்டோட இதையும் நான் சேர்க்கணும்."

"அத எழுதுனது நான்தான் மேடம். வேற எழுதித் தர்றேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பழைய கடிதத்தையும் ஒரு வெள்ளைத் தாளையும் கொடுத்தார். "அஞ்சு மணிக்குள்ள குடுங்க."

அவர் போனதும் மும்தாஜ் சொன்னார், "டீச்சர், அதுல இன்னா எழுதியிருக்குன்னு எனக்கு தெரியாது. இங்கிலீஷ்ல இருக்கு. ரெண்டு வாரமா அத கைல வெச்சுனு இருந்தேன். படிச்சுக் காட்டுங்க."

"வேணாம்மா, கிழிச்சுடறேன்."

"படிங்க டீச்சர்."

நான் எழுதியதை நானே தமிழில் படித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான நாலு வரியைப் படித்ததில்லை. ஹாஜிரா பக்கத்தில் நகர்ந்து வந்து, தாளின் மேல் விரலை வைத்துக்கொண்டாள்.

"ஒன்று. இந்தக் குழந்தை மிகவும் மெதுவாகச் செய்கிறாள்."

"சரி மிஸ்" என்றாள் ஹாஜிரா. "நான் மெதுவாதான் பாப்பேன்." விரல் கீழே இறங்கியது.

"இரண்டு. தன் வேலையைக் கவனிக்காமல் அடுத்தவர் டேப்பையே பார்க்கிறாள்."

"அதுவும் சரி."

"மூன்று. பார்த்து எழுதும் பழக்கம் உண்டு."

"தப்பு மிஸ்."

"நான்கு. இரண்டாம் வகுப்புக்கு மேல் இவளால் முடியாது."

ஹாஜிரா விரலை அந்த வரியிலேயே வைத்திருந்தாள். மும்தாஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கடிதத்தை நாலாகக் கிழித்துப் பைக்குள் போட்டேன். வெள்ளைத் தாளை எடுத்து இந்த முறை தமிழில், மும்தாஜும் படிக்கும்படி எழுதினேன். 'ஹாஜிரா மிகுந்த புத்திசாலி. எல்லோருக்கும் உதவும் குணமுள்ளவள். கணக்கில் வகுப்பிலேயே முதல்.' வேகவேகமாக எழுதினேன், பேனா வழுக்கிக்கொண்டு போனது. முடித்துவிட்டு ஹாஜிராவிடமே நீட்டினேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

அவள் ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். "மிஸ், இது தப்பு."

"எது?"

"கணக்குல மொதன்னு எழுதியிருக்கீங்க. நான் கணக்கு போட்டு நீங்க பாத்ததே இல்லியே மிஸ்."

"பரீட்சைல ஐம்பத்தேழு வாங்கினியே."

"அத நான் பாத்து எழுதுனேன்னு சொன்னீங்க."

குரலில் கோபம் இல்லை. திவ்யாவின் பெருக்கலில் தப்பைக் காட்டும் குரலும் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அந்த வரியை அடித்தேன்.

"புத்திசாலின்றது இப்ப டாக்டர் மேடம் சொன்னது மிஸ். உதவி செய்றது, அது சந்தோஷ் சொன்னது."

இரண்டையும் அடித்தேன். தாளில் மூன்று கோடுகள் மட்டும் மிஞ்சின. "அப்ப இன்னாதான் எழுதறது ஹாஜிரா?"

அவள் தாளை என்னிடமே திருப்பி நீட்டினாள். "உங்களுக்குத் தெரிஞ்சத எழுதுங்க மிஸ்."

டாக்டரின் அறைக்குப் போய் இன்னொரு தாள் கேட்டு வாங்கி வந்தேன். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இருபத்தைந்து வருடத்தில் எத்தனையோ பிள்ளைகளுக்கு நன்னடத்தைச் சான்று எழுதியிருக்கிறேன், ஒன்றுக்கும் இவ்வளவு நேரம் ஆனதில்லை. கடைசியில் இரண்டு வரி எழுதினேன்.

'ஹாஜிரா ஜூன் மாதத்திலிருந்து என் வகுப்பில் இருக்கிறாள். நான் அவளை இன்னும் கவனித்துப் பார்க்கவில்லை.'

மும்தாஜ் வாங்கிப் படித்தார். மகளிடம் கொடுத்தார். ஹாஜிரா விரல் வைத்து இரண்டு முறை படித்தாள்.

"சரியா இருக்கு மிஸ். கையெழுத்து போடுங்க" என்றாள்.

போட்டேன்.